ஸ்டேஷனிலேயே பேசி முடித்துவிடாதீர்கள்

கார் மோதி யாருக்காவது கால் உடைந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் யோசனை ஒன்றுதான். "எதுக்குக் கேஸு கீஸுன்னு அலையணும்? அந்தக் கார்க்காரரும் புள்ளகுட்டிக்காரர்தானே, பேசி முடிச்சுக்கங்க." சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வார்த்தையால் எத்தனை குடும்பங்கள் நஷ்டப்பட்டிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இழப்பீடு கேட்பது அந்த டிரைவரைப் பழிவாங்குவது ஆகாது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடிபடும் மற்றவர்களுக்கான காப்பீடு, இல்லாமல் எந்தத் தனியார் வாகனமும் சாலையில் ஓடக் கூடாது என்று சட்டம் வைத்திருப்பதே, அடிபட்டவருக்கு வண்டிக்காரரின் பாக்கெட்டை நம்பி இல்லாமல் பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டும். அவர் வருடாவருடம் பிரீமியம் கட்டியது அதற்குத்தானே?

எங்கள் தெருவில் ஒரு அக்கா தையல் வேலை செய்கிறார். வயது 34. ஸ்கூட்டரில் போகும்போது கார் மோதி வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, புகார் எதுவும் இல்லை என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். பிளேட் வைத்த செலவுக்கே அது போதவில்லை. இப்போது கால் முழுதாக மடங்காது, மெஷினை மிதிக்க முடியாது. "எனக்கென்ன தம்பி, சம்பளச் சீட்டா இருக்கு? கோர்ட்டுல என்னத்தக் காட்டுறது?" என்று என்னிடம் கேட்டார்.

இந்த நினைப்புதான் ஏழைகளை அதிகமாக ஏமாற்றுகிறது. கர்நாடகத்தில் காய்கறி விற்றுப் பிழைத்த ஒருவர் விபத்தில் வலது காலை இழந்தார். காய்கறி வியாபாரி வருமானத்துக்குக் காகிதம் காட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை என்று சொல்லி, 2014-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மாத வருமானத்தை 6,500 ரூபாய் என்று தானே வைத்துக்கொண்டது. சம்பாதிக்கும் திறனில் 85 சதவீதம் போய்விட்டது என்றும் ஏற்றது. வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்களின் உழைப்புக்கும் ஒரு தொகை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 2021 தீர்ப்பிலும் வலியுறுத்தியிருக்கிறது.

மருத்துவக் குழு தரும் ஊனச் சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல. உச்ச நீதிமன்றத்தின் 2010 தீர்ப்பு ஒன்றில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பே கிட்டத்தட்ட முழுதாகப் போய்விடுகிறது. அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம்.

அந்த அக்காவுக்கு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 12,000 ரூபாய் வருமானம். 40 வயதுக்குக் கீழே இருக்கும் சுயதொழில்காரர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 16,800. வருடத்துக்கு 2,01,600. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று வயதை வைத்து ஒரு எண் உண்டு; அந்த வயதுக்கு அது 16. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம்தான் போனது என்று குறைத்து வைத்தாலும் 9,67,680 ரூபாய் வருகிறது. வைத்தியச் செலவு, வலி வேதனைக்கான தொகை, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு எல்லாம் இதில் சேரவில்லை. தீர்ப்பாயம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கலாம். ஆனாலும் இவர்கள் வாங்கிக்கொண்டது 20,000! எப்.ஐ.ஆரே இல்லாமல் இனிமேல் போய் நின்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

"ஹெல்மெட் போடல, மூணு பேரு போனாங்க, ஒண்ணும் கிடைக்காது" என்பார்கள். பைக்கில் மூன்று பேர் போனது தவறுதான், அதற்கு அபராதம் உண்டு. ஆனால் விபத்து நடந்ததற்கோ காயம் கூடியதற்கோ அது காரணம் என்று காட்டாமல், அதை மட்டும் வைத்து இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இறந்தவருக்கு எல்.ஐ.சி. பணம் வந்துவிட்டதே என்பதும் அப்படித்தான். அது அவர் கட்டிய காசு, இதில் கழிக்க மாட்டார்கள். கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு தனி. அங்கே கேட்கிற அளவுக்கு ஆதாரம் இங்கே தேவையில்லை.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியவில்லையா? அப்போதும் இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்காமலே எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள்.

"ஜெயிச்சாலும் பணம் வராதுங்க, அரசு பஸ்ஸையே ஜப்தி பண்ண வேண்டியிருக்கு" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தாமதம் உண்மைதான், அது கொடுமைதான். ஆனால் பஸ்ஸையே பிடித்து நிறுத்தி வசூலிக்கும் அதிகாரம் தீர்ப்புக்கு இருக்கிறது என்பதையும் அதே செய்திதானே சொல்கிறது?

மறுபக்கத் தப்பெண்ணமும் உண்டு. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கிறது, நமக்கு எது நடந்தாலும் கிடைக்கும் என்று நினைக்கிறோம். நீங்களே ஓட்டிப்போய் உங்கள் தவறால் புளியமரத்தில் மோதினால் நீங்கள் தேர்ட் பார்ட்டி கிடையாது. அதற்குத்தான் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. சில நூறு ரூபாய் மிச்சம் என்று அதைத் தட்டிக் கழிக்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம், "எப்ப வேணாலும் கேஸ் போடலாம்" என்பது பழைய கதை. 1994-க்குப் பிறகு ரொம்ப காலம் காலக்கெடு இல்லாமல்தான் இருந்தது. ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். விபத்து உளுந்தூர்பேட்டையில் நடந்தாலும் நீங்கள் மதுரைக்காரர் என்றால் மதுரையிலேயே மனு போடலாம். ஆஸ்பத்திரியில் எழுதும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், எக்ஸ்ரே எதையும் தொலைக்காதீர்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் தொகையை நன்றாக யோசித்து ஒத்துக்கொள்ளுங்கள். அங்கே முடித்த பிறகு அப்பீல் கிடையாது.

வார்டுக்கே வந்து வெறும் தாளில் கையெழுத்துக் கேட்கும் புரோக்கர்களிடம் சிக்காதீர்கள். ஜெயிக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் எவ்வளவு வருமானம் இருந்தாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அந்த அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். போய்க் கேளுங்கள்.