தோற்றதுக்கு எங்கட சனம்தான் காரணமா?

2025 இல், மேஜர் லீக் பேஸ்போலின் இறுதியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸிடம் தோற்ற சனிக்கிழமை இரவிலிருந்து எல்லார் பக்கத்திலும் சுற்றுகிற அந்தப் பதிவை நானும் வாசித்தேன். எழுதின அண்ணையின் பெயரை நான் சொல்லத் தேவையில்லை. என் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறீர்கள். "ஏழு ஆட்டத்தில ஐஞ்சை வெளியில இருந்து வந்த ரீம்தான் வெண்டது. சொந்த மைதானச் சாதகம் எண்டு ஒண்டு இல்லவே இல்லை. எங்கட சனம் கத்தின கத்தில பெடியள் பதறிப்போட்டாங்கள்."

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

கணக்கு சரி. உலகத் தொடரின் முதலாவது ஆட்டத்தை ரொறன்ரோவில் நாங்கள் 11-4 என்று வென்றோம். லொஸ் ஏஞ்சல்ஸில் வழமையான ஒன்பது இனிங்ஸைத் (இரண்டு அணியும் ஒவ்வொரு முறை மட்டை பிடிக்கும் சுற்று) தாண்டி விடிய விடிய 18 இனிங்ஸ் போன மூன்றாவது ஆட்டத்தை டொட்ஜர்ஸ் வென்றது. மற்ற ஐந்தையும் வெளியிலிருந்து வந்த அணிதான் வென்றது. எங்கள் மண்ணில் நடந்த நான்கில் மூன்றைப் பறிகொடுத்தோம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து சாதகமே இல்லை என்று எப்படி அண்ணை முடிவெடுத்தீர்கள்?

சாதகம் வேறு, வெற்றி வேறு. இந்தப் பதிவில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேஜர் லீக்கில் சொந்த மைதானத்தில் ஆடும் அணி, நீண்ட காலக் கணக்கில், நூறு ஆட்டத்தில் 54 அளவில்தான் வெல்கிறது. அவ்வளவுதான். கூடைப்பந்தில் இதைவிடக் கூட. பேஸ்போலில் அது ஒரு சின்னத் தள்ளு. நூறு, ஆயிரம் ஆட்டம் ஆடினால் கண்ணுக்குத் தெரியும். ஏழு ஆட்டத்தில் தெரியும் என்று யார் சொன்னது?

ஏழு ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்கலாம். 1987 இல் மினசோட்டா செயின்ட் லூயிஸோடு ஆடியபோது ஏழு ஆட்டத்தையும் சொந்த மைதானத்து அணியே வென்றது. 1991 இல் மினசோட்டாவும் அட்லாண்டாவும் ஆடியபோதும் அதே கதை. 2001 இல் அரிசோனாவும் நியூயோர்க் யாங்கீஸும், திரும்பவும் அதே. அந்த வருடங்களில் முகநூல் இருந்திருந்தால், சொந்த மைதானம்தான் எல்லாம் என்று இதே அண்ணை எழுதியிருப்பார். 2019 இல் வாஷிங்டனும் ஹூஸ்டனும் மோதின. ஏழையும் வெளியிலிருந்து வந்த அணியே வென்றது. வாஷிங்டன் கிண்ணத்துக்குத் தேவையான நான்கையும் ஹூஸ்டனில் போய் எடுத்தது. அப்போ 2001 பொய்யா, 2019 பொய்யா? இரண்டும் நடந்ததுதான். ஏழு ஆட்டத்தில் அப்படித்தான் நடக்கும்.

இன்னொரு கணக்கை அண்ணை பார்க்கவில்லை. 2025 வழமையான பருவத்தில் புளூ ஜேய்ஸ் ரொறன்ரோவில் ஆடின 81 ஆட்டத்தில் 54 ஐ வென்றது. வெளியே போய் ஆடின 81 இல் 40 தான், பாதிகூட இல்லை. அதே பெடியள், அதே மட்டை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 162 ஆட்டத்தின் கணக்கைத் தள்ளிவிட்டு ஏழு ஆட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்களே.

உலகத் தொடரின் ஏழில் நான்கைச் சொந்த மைதானத்தில் ஆடும் சாதகத்தை எங்களுக்கு யாரும் சும்மா தரவும் இல்லை. முன்பெல்லாம் மேஜர் லீக்குக்குள் இருக்கும் அமெரிக்கன், நஷனல் என்ற இரண்டு லீக்குக்கும் மாறி மாறிக் கொடுத்தார்கள். 2003 இலிருந்து 2016 வரை, இரண்டு லீக்கின் சிறந்த வீரர்கள் மோதும் ஓல் ஸ்டார் ஆட்டத்தில் எந்த லீக் வென்றதோ அதற்குக் கொடுத்தார்கள். ஒரு காட்சி ஆட்டத்தை வைத்து உலகத் தொடர் எங்கே தொடங்கும் என்று தீர்மானித்த முட்டாள்தனமான காலம் அது. 2017 இலிருந்துதான் பருவத்தில் கூட வென்ற அணிக்கு. நாங்கள் 94 வென்றோம், டொட்ஜர்ஸ் 93. ஒரேயொரு ஆட்டம்.  யாரும் கவனிக்காத ஏதோ ஒரு யூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தைத் தோற்றிருந்தால் இந்த விவாதமே இருந்திருக்காது.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். 1993 ஒக்ரோபரில் நான் டவுன்ரவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். கனடாவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஆங்கிலம் அரைகுறை, பேஸ்போல் சுத்தமாகத் தெரியாது. குசினியில் சமையல்காரர் ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தார். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை இரவு ஒருவரும் வேலை செய்யவில்லை, எல்லாரும் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். அறிவிப்பாளர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. ஆனால் பின்னால் இருந்து வந்த சனத்தின் சத்தம் விளங்கியது. ஒன்பதாவது இனிங்ஸ், 6-5 என்று பிலடெல்பியா முன்னுக்கு, இரண்டு பேர் பேஸில். எங்கள் ஜோ கார்ட்டர் பந்தைச் சுவருக்கு மேலால் ஹோம் ரன்னாக அடித்தார், பேஸில் நின்ற இருவரும் அவரும் ஓடி வந்து மூன்று ஓட்டம். 8-6. முடிந்தது. சமையல்காரர் ஈரக்கையோடு நின்ற என்னைத் தூக்கிச் சுற்றினார். வேலை முடிந்து வெளியே வந்தால் யங் வீதி முழுக்கச் சனம், கார்க் ஹோர்ன். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர், கறுப்பினத்தவர், சீனர் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். வந்த நாள் முதல் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில்கூட ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இந்த ஊர் என்னையும் சேர்த்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

உணர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஹோம் ரன்னையே பாருங்கள். அது ஏன் ஆட்டத்தை அந்த நொடியிலேயே முடித்தது? சொந்த மைதானத்து அணி கடைசியாக மட்டை பிடிக்கும் என்பதால். அதே அடியைக் கார்ட்டர் பிலடெல்பியாவில் அடித்திருந்தால், எதிரணிக்குத் தங்கள் பக்கத்து ஒன்பதாவது இனிங்ஸ் மிச்சம் இருந்திருக்கும். சாதகம் என்றால் இதுதான் அண்ணை. கடைசிச் சொல் உன்னுடையது. அந்தக் கடைசிச் சொல்லைச் சரியாகச் சொல்வாயா என்பது வேறு விசயம்.

இந்த முறை சரியாகச் சொல்ல முடியவில்லை. ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இனிங்ஸில் நாங்கள் மட்டை பிடிக்கும் இரண்டாம் பாதி, 4-4, மூன்று பேஸும் நிறைய, ஒருவர்தான் அவுட். எங்கள் வார்ஷோ தரையில் அடித்த பந்தை டொட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் தடுமாறிக்கொண்டே பிடித்து, ஓட்டம் எடுக்கத் தொட வேண்டிய வீட்டுத் தட்டுக்கு எறிந்தார். அங்கே ஓடிவந்த எங்கள் கைனர்-ஃபலேஃபா மயிரிழையில் அவுட். அடுத்து எங்கள் கிளெமென்ட் தூக்கி அடித்ததை டொட்ஜர்ஸின் பாஹேஸ் ஓடிவந்து, தன் அணியின் கிகே ஹெர்னான்டஸுக்கு மேலால் விழுந்து பிடித்தார். இதில் எந்த இடத்தில் சனத்தின் சத்தம் குற்றவாளி? அதற்கு முன்பு ரோஹாஸ் ஒன்பதாவதில் அடித்துச் சமன் செய்தாரே, நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் அடிக்காமல் விட்டிருப்பாரா? பதினோராவது இனிங்ஸில் வெற்றி ஹோம் ரன் அடித்த வில் ஸ்மித்?

டொட்ஜர்ஸின் பந்துவீச்சாளர் யமமோட்டோவைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு சொல் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் ரொறன்ரோவில் வந்து ஒன்பது இனிங்ஸையும் தானே வீசி முடித்தார், கடைசி இருபது பேரையும் வரிசையாக அவுட் ஆக்கினார். ஆறாவதையும் அவரே வென்றார். அடுத்த நாளே ஏழாவதின் கடைசியில் திரும்ப வந்து வீசி அதையும் வென்றார். நாங்கள் சொந்த மண்ணில் தோற்ற மூன்றும் அவருடைய கணக்கில்தான் இருக்கிறது. அந்த மனிதருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்காமல் எங்கட ஆக்கள் நிறைய வாழும் ஸ்காபரோச் சனத்தைத் திட்டுகிறீர்கள்.

ஆறாவது ஆட்டத்தில் எங்கள் பார்ஜர் அடித்த பந்து எங்கள் சுவரின் அடியிலேயே சிக்கியதைச் சிலர் கமெண்டில் போட்டிருந்தீர்கள், "சொந்தச் சுவரே கவிட்டுது" என்று. வயிறு எரிகிறது, மறுக்கவில்லை. பந்து சிக்கினால் விதிப்படி இரண்டு பேஸ்தான் போகலாம், ஓடிக்கொண்டிருந்த எங்கள் ஸ்ட்ரோ மூன்றாவது பேஸில் நிற்க வேண்டியதாயிற்று. விதி எல்லாருக்கும் ஒன்று. சாதகம் இருந்தும் துரதிர்ஷ்டம் வரும்.

இன்னொரு தம்பி 2020 ஐக் கொண்டுவந்தார். கொரோனா வருடம், பார்வையாளரே இல்லை, ஆனாலும் சொந்த மைதானத்து அணிகள்தான் கூட வென்றன, அப்போ சனத்துக்கு என்ன வேலை என்று. நல்ல கேள்வி. சொந்தக் கட்டில், பழகிய புல், பழகிய சுவர், கடைசி மட்டை, இவையும் சாதகத்தில் சேர்த்தி என்றுதான் அது காட்டுகிறது. சனம் ஒன்றுமே இல்லை என்று காட்டவில்லை. அந்த வருடம் எங்களுக்குச் சொந்த மைதானம் இருந்ததா என்று அந்தத் தம்பி யோசித்தாரா? எல்லை மூடியபடியால் புளூ ஜேய்ஸ் 2020 இல் தன் 'சொந்த' ஆட்டங்களைப் பெரும்பாலும் அமெரிக்காவின் பஃபலோவில் ஆடியது. 2021 இல் முதலில் புளோரிடாவில் டனீடன், பிறகு திரும்ப பஃபலோ. எங்கள் 'சொந்த' ஆட்டத்துக்கு யாங்கீஸ் ரசிகர்கள் வந்து நிறைந்து எங்கள் பெடியளையே கூவினார்கள். 2021 யூலை கடைசியில் ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தபோது எத்தனை பேர் கண் கலங்கினோம். இடம் இல்லாமல் அலைவது என்னவென்று இந்த ஊரில் வேறு யாருக்குச் சொன்னாலும் எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உலகத் தொடருக்கு முன்பு சியாட்டிலோடு நடந்த அமெரிக்கன் லீக் இறுதித் தொடரையும் மறந்துவிட்டார்கள். முதல் இரண்டையும் வீட்டில் தோற்றோம். இதே ஆட்கள்தான் அப்போதும் "முடிஞ்சுது" என்றார்கள். பிறகு ஆறும் ஏழும் ரொறன்ரோவில். ஏழாவதில் எங்கள் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னுக்கு மேற்கூரையே அதிர்ந்தது. அன்றைக்கு இந்தச் சனத்தின் சத்தம் யாரையும் பதறவைக்கவில்லை. 32 வருடத்துக்குப் பிறகு உலகத் தொடருக்குக் கொண்டுபோனது. வென்றால் ஸ்பிரிங்கர், தோற்றால் சனம் என்பது என்ன நியாயம்?

சரி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவில் "எங்கட சனம்" என்று எழுதினதுதான் என்னைக் குத்தியது. கீழே வந்த கமெண்டுகள் இன்னும் மோசம். "தமிழனுக்கு ஏன் பேஸ்போல்", "ஒக்ரோபர் வந்தா மட்டும் தொப்பி போடுற கூட்டம்", "விதியே தெரியாம கத்துதுகள்." எழுதினவர்களும் தமிழர்தான். என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவவுக்கு ஸ்ட்ரைக் எது, போல் எது என்று தெரியாது. எங்கள் அணியின் கெரேரோ மட்டை பிடிக்க வந்தால் சாமியறைக்குப் போய் விளக்கைத் தூண்டிவிட்டு வருவா. என் மகள் இங்கே பிறந்தவள், எல்லாருடைய சராசரியையும் ஒப்புவிப்பாள். சனிக்கிழமை இரவு எங்கள் கேர்க் அடித்த ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்டாகி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இந்த இருவரில் யார் உண்மையான ரசிகர் என்று அண்ணை தீர்ப்புச் சொல்வாரா? ரிக்கெட் வாங்க வசதியில்லாமல் பேஸ்மென்ட் ரீவிக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தினவர்களும் தோல்விக்குக் காரணமா?

"நீ உணர்ச்சிவசப்படுகிறாய், இது வெறும் விளையாட்டு" என்று எழுத வருவீர்கள். வெறும் விளையாட்டென்றால் எங்கள் ஆட்களைத் தேடிப் பிடித்து ஏன் குறை சொன்னீர்கள்? நான் தொடங்கவில்லையே.

அண்ணை, நீங்கள் என் நல்ல நண்பர். பதிவை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஏழில் ஐந்து என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். சாதகமே இல்லை என்று எழுதினதையும் வைத்துக்கொள்ளுங்கள், கமெண்டில் வந்து நான் மறுத்துக்கொள்கிறேன். பெடியள் பதறினதுக்கு எங்கட சனம்தான் காரணம் என்ற அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ.