வயதாகிவிட்டதாம்!

நேற்றைய கூட்டத்தில் ஒரு மருத்துவர் பேசியதைப் பற்றித்தான். 'ஒரு பகுதியில் முதியவர்களுக்கு இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சை குறைவாக நடக்கிறது என்றால், அங்கே தேவை குறைவு என்றுதானே பொருள்?' இதற்குக் கைதட்டல் வேறு.

ஐயா, ஒரே சிகிச்சை பகுதிக்குப் பகுதி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வு வழியைக் கொஞ்சம் பாருங்கள்; அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜான் வென்பெர்க் 1973இல் வெளியிட்ட வெர்மான்ட் மாநில ஆய்வு தொடங்கிவைத்தது அது. இடுப்பெலும்பு முறிவுக்காக மருத்துவமனையில் சேருபவர்கள் விகிதம் பகுதிக்குப் பகுதி அவ்வளவாக மாறுவதில்லை. முறிந்தால் யாரையும் தூக்கிக்கொண்டு ஓடத்தானே வேண்டும்! மூட்டுத் தேய்மானத்துக்குச் செய்யும் மாற்று சிகிச்சைதான் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. காரணம், அங்கே மருத்துவரின் எண்ணம் நுழைகிறது. மூட்டு தேய்வது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். யாருடைய கதவைத் தட்டுகிறோம் என்பதில்தான் பெரும்பங்கு இருக்கிறது.

என் அம்மாவும் பெரியம்மாவும் அதற்குச் சாட்சி. இருவரின் எக்ஸ்ரேயையும் கலந்து வைத்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது. வேறு பகுதியில் இருக்கும் பெரியம்மாவுக்கு 78 வயதில் மூட்டு மாற்றினார்கள், மாடிப்படி ஏறுகிறார். அம்மாவுக்கு 74. 'வயதாகிவிட்டதே, இனி எதற்கு?' என்று ஒரு மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிட்டார்கள். நான்கு வயது மூத்தவருக்கு ஆகாத வயது!

'எல்லோரையும் அறுக்கச் சொல்கிறாயா?' என்பீர்கள். எங்கே சொன்னேன்? 'இதயம் தாங்குமா?' சரி, அது நியாயமான கேள்வி. ஆனால் அம்மாவின் இதயத்தை யாரும் சோதிக்கவே இல்லை. 'பொருத்திய மூட்டும் தேயும்.' 2019இல் வந்த கணக்கின்படி, பொருத்திய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் உழைக்கிறது. அம்மாவுக்கு 99 வயதுவரை போதும், நன்றி.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மூட்டு மாற்று அதிகம் நடந்த பகுதியையும் குறைவாக நடந்த பகுதியையும் ஒப்பிட்ட ஆய்வை என்னிடம் நீட்டுவீர்கள் என்று தெரியும். ஆம், சிகிச்சை குறைவாக நடந்த பகுதியில் தேவையும் சற்றுக் குறைவுதான். அடுத்த வரியையும் படியுங்கள்: இரு பகுதிகளிலும், கடும் மூட்டுப் பாதிப்பு உள்ளவர்களில் அறுவை சிகிச்சைக்கு உறுதியாகச் சம்மதித்தவர்கள் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. 'அவர்களுக்கே விருப்பமில்லையே' என்று உடனே கை கழுவிவிடலாம். அந்த விருப்பமின்மை எங்கிருந்து வந்தது?

அம்மாவும் இப்போது 'எனக்கு வேண்டாம்' என்றுதான் சொல்கிறார். ஏன் என்று நேற்றிரவு கேட்டேன். 'இந்த வயதில் ஆசையைப் பார் என்று டாக்டர் நினைப்பார்' என்றார். வலிக்காமல் குளியலறைவரை நடப்பதற்குப் பெயர் ஆசையாம்.