எச்-இன்டெக்ஸ் 40 என்றால் உலகில் 40ஆம் இடமா?

மட்டக்களப்பில் பிறந்த மருத்துவ ஆய்வாளர் ஒருவர் “எச்-இன்டெக்ஸ் 40 பெற்று, உலக விஞ்ஞானிகளில் 40ஆம் இடம் பிடித்தார்” என்ற செய்தி கல்லடி, ஆரையம்பதிப் பக்கத்து வட்ஸ்அப் குறூப்புகளில் சுற்றுகிறது. தகவல் பிழை.

எச்-இன்டெக்ஸ் தரவரிசையே அல்ல. 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்த கணக்கு அது. ஒரு கட்டுரையை வேறு ஆய்வுக் கட்டுரைகள் எடுத்துக் குறிப்பிடுவதுதான் மேற்கோள். ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் கூடியதிலிருந்து குறைந்தது வரை அடுக்குங்கள். 40ஆவது கட்டுரைக்கும் குறைந்தது 40 மேற்கோள் இருந்து, 41ஆவதற்கு 41 இல்லாவிட்டால் எச்-இன்டெக்ஸ் 40. அவ்வளவுதான். ஒரே கட்டுரை எழுதி அது 5,000 மேற்கோள் பெற்றாலும் அவருக்கு 1தான். குறைசொல்லிக் காட்டிய மேற்கோளும் இதில் சேரும்.

சரி, செய்தியோடு கூடவே வரும் படம்? அது கூகுள் ஸ்கொலர் பக்கம்; ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள் கணக்கையும் காட்டும் இணையத்தளம். அங்கே கட்டுரைகளைத் திரட்டுவது கணினி. முதலெழுத்தும் பெயரும் ஒத்துப்போனால் வேறொருவரின் கட்டுரையும் வந்து ஒட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் ‘எஸ். குமார்’ எத்தனை பேர்!

40 என்பது சின்ன விஷயமில்லை, பல வருட உழைப்பு. அதைப் பாராட்டலாம், இல்லாத இடத்தைக் கொடுக்காமல்.