நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை

நடவு முதல் அறுப்பு வரை வயலில் தண்ணீர் நின்றால்தான் நெல் விளையும் என்று சொல்வது தவறு. நெல்லுக்கு ஈரம் நிறைய வேண்டும்தான், ஆனால் தண்ணீர் தேக்குவதில் கிடைக்கும் பெரிய லாபம் களை அமுங்குவது. நாற்று வேர் பிடித்து களை அடங்கிய பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, தண்ணீர் விடலாம்: ஓட்டை போட்ட குழாயை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மடையைத் திறந்தால் போதும், விளைச்சல் குறையாது. பூக்கும் சமயத்தில் மட்டும் தயவுசெய்து காயவிடாதீர்கள், அப்போது ஈரம் குறைந்தால் மணி பிடிக்காமல் பதராகிவிடும், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் திரும்பாது. அப்புறம், அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் அறுவடை இயந்திரம் சேற்றில் சிக்கும்.