எலக்ட்ரானிக் கியர் சோம்பேறிகளுக்கு என்றால், நான் சோம்பேறிதான்

சனிக்கிழமை எங்கள் சைக்கிள் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் இனிப் போய்த் தேடினாலும் கிடைக்காது, கேள்வி கேட்ட பெண்ணே அதை அழித்துவிட்டார். அது ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

கேள்வி என்னவோ சாதாரணமானதுதான். சைக்கிளில் இருப்பது ஷிமானோ கம்பெனியின் 105 கியர் செட், கேபிளை இழுத்து மாற்றுகிற மெக்கானிக்கல் வகை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. இந்த சீசனில் முதல் முறையாக 300 பி.ஆர்.எம் ஓட்டப்போகிறார், அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 300 கிலோமீட்டர் ஓட்டம், பந்தயம் அல்ல. பட்டனை அழுத்தினால் மோட்டாரே மாற்றிவிடும் எலக்ட்ரானிக் கியர் போடுவதா, கார்பன் வீல் வாங்குவதா? மற்றவர்கள் "வீல்" என்றார்கள், நான் "கியர்" என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். அதற்குக் கீழே வந்ததெல்லாம் பதிலா? "விரலில் பலம் இல்லாதவங்களுக்குத்தான் பட்டன்." "காசு கனமா இருந்தா இப்படித்தான் தோணும்." இதற்கெல்லாம் மேலே, "அங்கிள், நீங்க பேசாம இ-பைக் வாங்கிடுங்க." அதற்குத்தான் அதிக லைக். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என்னோடு ஓட்டியவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நல்ல வீல் வேகம் தரும். இதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவருக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லையே! 300 கிலோமீட்டர் பி.ஆர்.எம்முக்கு 20 மணி நேரம் கொடுக்கிறார்கள். டீ, சாப்பாடு, பஞ்சர், வழியில் பதிவு செய்யும் கன்ட்ரோலில் வரிசை எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரி வந்தால் போதும். அதில் முதலாவதாக வந்தாலும் பரிசு கிடையாது, கடைசியாக வந்தவருக்கும் அதே மெடல்தான். தோற்பதாக இருந்தால் உடம்பால்தான் தோற்போம். கை, கழுத்து, முட்டி, தூக்கம்.

காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. வேகம் பாதியானால் அந்தச் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். வீல் கம்பெனிகள் "இத்தனை வாட் மிச்சம்" என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் மணிக்கு 40, 45 கிலோமீட்டரில் எடுத்த கணக்கை வைத்து. 22-ல் போகிறவருக்கு அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவாகவோதான் கிடைக்கும். "மெதுவாகப் போகிறவர் ரோட்டில் அதிக நேரம் இருக்கிறார், அதனால் நிமிடக் கணக்கில் அவருக்கும் மிச்சம் உண்டு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கணக்குச் சரிதான். அப்படி மிச்சமாகும் சில நிமிடங்களை நாம் மதுராந்தகத்தில் இரண்டாவது டீயில் விட்டுவிடுவோம்.

எடை? சாதா அலாய் வீல் ஜோடி 1.9 கிலோ என்றால் கார்பன் 1.5 கிலோ. வித்தியாசம் அரை பாட்டில் தண்ணீர். "சுழலும் எடை இரண்டு மடங்கு" என்று மந்திரம் ஓதுகிறவர்களே, அது வேகத்தை ஏற்றுகிற நேரத்துக்கு மட்டும்தான். ஒரே வேகத்தில் மேடு ஏறும்போது எடை வெறும் எடைதான், சுழன்றாலும் சரி, சுழலாவிட்டாலும் சரி.

கேள்வி கேட்ட பெண் ஒல்லியானவர் என்பதும் எனக்குத் தெரியும். 50 மில்லிமீட்டர் டீப் செக்‌ஷன் வீலோடு, அதாவது ரிம் அவ்வளவு உயரமாக இருக்கிற வீலோடு, வெயில் ஏறிய பிறகு ஈ.சி.ஆரில் சென்னைக்குத் திரும்பி வந்திருக்கிறீர்களா? முட்டுக்காடு பாலத்தில் வலது பக்கமிருந்து கடல்காற்று தள்ளும், அதே நேரம் பஸ் ஒன்று உரசுகிற மாதிரி தாண்டும். பஸ் மறைக்கும்போது காற்று சட்டென்று நின்று, அது போனதும் மறுபடி அடிக்கும். எடை குறைந்தவருக்கு முன் வீல் கையை விட்டே பிடுங்கிக்கொண்டு போகும். இதை எழுதினால் "ஹேண்ட்லிங் கத்துக்கணும்" என்கிறீர்கள். கற்றுக்கொள்ளட்டும். முதல் 300-க்கு முன்னால்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேகம் வேண்டும் என்றால் முதலில் டயரை மாற்றுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். பைக்கோடு வந்த, ஓரத்தில் கம்பி வைத்த சாதா டயரைக் கழற்றிவிட்டு 28 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ஜோடி கான்டினென்டல் ஜி.பி.5000 டயர் போட்டாலே, கார்பன் வீலில் தேடுகிற வாட்டில் பாதிக்கு மேல் வந்துவிடும். செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் டயர் படத்தைப் போட்டால் யார் லைக் போடப்போகிறார்கள்?

இப்போது கியர். எலக்ட்ரானிக் கியர் உங்களை ஒரு கிலோமீட்டர்கூட வேகமாகப் போக வைக்காது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. முதல் மணி நேரத்தில் கியர் எப்படி விழுந்ததோ அப்படியே பதினெட்டாவது மணி நேரத்திலும் விழும், அவ்வளவுதான். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது சகஜம். உள்ளங்கையின் அடியில் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வருவது அது. அந்தக் கையோடு முன்னால் பெடல் பக்கம் இருக்கும் சின்ன பல்சக்கரத்திலிருந்து (செயின்ரிங்) பெரியதுக்கு மாற்ற மெக்கானிக்கல் லீவரை முழுதாகத் தள்ளிப் பாருங்கள். எனக்கு வலது கையால் இடது லீவரைத் தள்ளிய இரவுகள் உண்டு. "பைக் ஃபிட் பண்ணுங்க அங்கிள்." பண்ணியாச்சு தம்பி. ஃபிட் பண்ணினால் வயது குறையுமா?

கேபிள் கதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு 400 கிலோமீட்டர் பி.ஆர்.எம்மில் செஞ்சி தாண்டி திருவண்ணாமலை போகிற ரோட்டில், ராத்திரி, பின் கியர் கேபிள் லீவருக்குள்ளேயே நைந்து அறுந்தது. கேபிள் அறுந்தால், செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டீரெய்லர் தானாக இருப்பதிலேயே சின்னப் பல்சக்கரத்தில், அதாவது மிதிக்க மிகக் கனமான கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும். மீதி வழி முழுக்க முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. திருவண்ணாமலையில் விடியும் முன்பே கடை திறந்து வைத்திருந்த ஒரு சைக்கிள் கடைக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டார்ச் அடித்து, லீவருக்குள் சிக்கிய நுனியை ஊசியால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. காசும் வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். நேரத்துக்குள் முடித்தேன், முட்டி மாதக்கணக்கில் பழிவாங்கியது. "கேபிளை நேரத்துக்கு மாத்தியிருக்கணும்" என்று எழுதப்போகிற நண்பரே, உங்கள் பைக்கில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? தேதி சொல்லுங்கள். கடலோர உப்பிலும் வியர்வையிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று ஹேண்டில்பார் டேப்பைப் பிரிக்காமல் தெரியாது. கேபிள் வெளியே தெரியாமல் ஹேண்டில்பாருக்குக் கீழே ஹெட்செட் வழியாகப் போகிற புது ஃபிரேம்களில் அதை மாற்றுவது பாதி நாள் வேலை.

"பேட்டரி தீர்ந்தால்?" ஷிமானோவில் ஒரு சார்ஜுக்கு ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் வரும். தீரும் முன்பே விளக்கு எரியும். முதலில் முன் கியர்தான் நிற்கும், பின் கியர் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். ஸ்ட்ராவா ஆப்பில் உங்கள் ஓட்டத்தைப் போடுவதற்காக ஜி.பி.எஸ்ஸைத் தவறாமல் சார்ஜ் போடுகிறீர்கள் அல்லவா? அதே பிளக்தான். "விழுந்தால் டீரெய்லர் விலை?" அதிகம்தான். சரி, அடுத்தது. "வீலும் மாற்ற வேண்டிவரும்" என்றது சுத்தப் பொய். ஷிமானோவின் 12 ஸ்பீடு 105 கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) பழைய 11 ஸ்பீடு வீலின் ஹப்பிலேயே ஏறும்.

அப்புறம் அந்தச் சோம்பேறித்தனம். ஷிமானோ தன் உச்ச ரக ரேஸ் கியரான டூரா ஏஸை எலக்ட்ரானிக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 2009-ல். 2021-ல் வந்த டூரா ஏஸில் மெக்கானிக்கல் என்ற ஒன்றே இல்லை. டூர் டி பிரான்ஸ் ஜெயித்த போகாச்சரும் விங்கேகோரும் பட்டனைத்தான் அழுத்துகிறார்கள். அவர்களிடமும் போய் "விரலில் பலம் இல்லையா" என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்கள். கேலி செய்ய உங்களுக்கு ஐம்பது தாண்டிய ஆளும் புதிதாக வந்த பெண்ணும்தான் கிடைப்பார்கள்.

ஏனென்றால் இது கியரைப் பற்றிய சண்டையே இல்லை. "யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்" என்று போஸ்டர் போட்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அக்கரை தாண்டியதும் முன்னால் இருக்கும் ஆறு பேருக்கு ரத்தம் சூடாகிவிடுகிறது. உத்தண்டி டோல் வருவதற்குள் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் பின்னால் இருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும். பஞ்சரான புதியவர்களோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்திருப்பது நான்தான். கோவளத்தில் நீங்கள் இட்லி முடித்து செல்ஃபி போட்டுக் கிளம்பிய பிறகு வந்து சேர்வதும் நாங்கள்தான். அந்தப் பின்வரிசையில் இருக்கும் ஒருவருக்கு எது உதவும் என்று முன்வரிசை வாக்கெடுப்பு நடத்துகிறது. வீல், வீல், வீல். அவர் எதற்காகக் கேட்டார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவர் பதில் எழுத முயன்றார். இடது கையில் பழைய எலும்பு முறிவு, பெரிய செயின்ரிங்குக்கு மாற்றும்போது வலிக்கிறது என்று. அதற்கும் ஒரு சிரிப்பு ஸ்மைலி. பத்து நிமிடத்தில் கேள்வியைக் காணோம்.

இந்தப் பதிவை அவர் படிப்பார் என்று நினைக்கிறேன். அம்மா, கடையில் கொடுக்கும் ஐந்து நிமிட டெஸ்ட் ரைடில் ஒன்றும் தெரியாது. ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திருவான்மியூர் சிக்னலில் இருப்பேன். என் பைக்கை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் வரை போய்வாருங்கள், உங்களுடையதை நான் ஓட்டிவருகிறேன். கை வலித்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சீட் உயரம் மாற்ற வேண்டியிருக்கும், ஆலன் கீ நான் கொண்டு வருகிறேன்.