கடற்கொள்ளையர் குகையில் ஜாக் ஸ்பாரோவுக்கு என்ன வேலை?

டிஸ்னி பூங்காக்களின் பழைய சவாரிகளுக்குள் திரைப்படக் கதாபாத்திரங்களைக் கொண்டுவந்து வைப்பது பற்றிப் பேச்செடுத்தால், பழையதைத் தொடவே கூடாது என்று ஒரு தரப்பும், குழந்தைகளுக்குப் பிடித்திருந்தால் போதாதா என்று மறு தரப்பும் பிரிந்து நிற்பதையே பார்க்கிறேன். இரண்டு தரப்போடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு சவாரி எதை நம்பிக் கட்டப்பட்டது என்பதைப் பார்த்த பிறகுதான், அதற்குள் யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று சொல்ல முடியும் என்பது என் எண்ணம்.

'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' சவாரியையே எடுத்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலாந்தில் 1967 மார்ச் மாதம் திறக்கப்பட்ட இது, வால்ட் டிஸ்னி நேரடியாக மேற்பார்வையிட்ட கடைசிச் சவாரி. திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1966 டிசம்பரில், அவர் காலமானார். முதலில் இதை நடந்து சென்று பார்க்கும் மெழுகுச் சிலைக் காட்சியகமாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். 1964ஆம் ஆண்டின் நியூயார்க் உலகக் கண்காட்சியில், படகுகளில் ஏற்றினால் பெருங்கூட்டத்தையும் தேக்கமின்றி நகர்த்தலாம் என்பது தெரிந்த பிறகே இது படகுச் சவாரியாக மாறியது. கொள்ளையர் உருவங்களையும் அவர்களுடைய கோமாளித்தனங்களையும் மார்க் டேவிஸ் வரைந்தார். இருளும் ஈரமும் நிறைந்த சூழலைக் கிளாட் கோட்ஸ் அமைத்தார். வசனங்களையும் பாட்டின் வரிகளையும் எக்ஸ் அட்டென்சியோ எழுதினார்.

படகு நகரும்போது கொள்ளையர்களின் பேச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெளிவாகக் கேட்கவில்லையே என்று அட்டென்சியோ வருந்தியபோது, விருந்துக் கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழும் பேச்சைப் போன்றதுதான் இது, மேலும் கேட்க விரும்புகிறவர்கள் மறுபடி வரட்டும் என்று வால்ட் சொன்னதாகக் கூறுவார்கள். நம் கல்யாணப் பந்தலில் இரண்டு வரிசை தள்ளி அமர்ந்திருப்பவர்களின் பேச்சு அரைகுறையாகக் காதில் விழுவது எப்படியோ, அப்படித்தான் அந்தச் சவாரி இருந்தது. அதில் நாயகனும் இல்லை, தொடக்கம், நடு, முடிவு என்ற கதையும் இல்லை. எலும்புக்கூடுகள் கிடக்கும் குகை, கோட்டையைப் பீரங்கியால் தாக்கும் கப்பல், கிணற்றில் முக்கி எடுக்கப்படும் மேயர், தீப்பற்றி எரியும் ஊர், சாவிக்கொத்தை வாயில் கவ்விய நாயைச் சிறைக்குள் இருந்து எலும்பைக் காட்டி அழைக்கும் கைதிகள் என்று ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போகிறோம். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதை நாமே தீர்மானிக்கிறோம்.

2003இல் இந்தச் சவாரியை வைத்து ஒரு திரைப்படம் வந்தது. சாவிக்கொத்து நாயும் சிறைக் கைதிகளும்கூட அந்தப் படத்தில் இடம்பெற்றார்கள். பெருவெற்றி பெற்ற அந்தப் படம், 2006இல் அடுத்த பாகம் வெளியான வேளையில் சவாரிக்குள் திரும்பி வந்தது. பீரங்கிக் கப்பலின் தலைவனாகப் படத்தின் வில்லன் பார்போசா நிறுத்தப்பட்டான். கிணற்றடியில் மேயரை மிரட்டும் கொள்ளையர்கள், படத்தின் நாயகனான ஜாக் ஸ்பாரோ எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். ஜாக் ஒரு காட்சியில் தையல்காரரின் துணிப்பொம்மைகளுக்குப் பின்னாலும், இன்னொன்றில் பீப்பாய்க்குள்ளும் ஒளிந்திருந்து, கடைசியில் புதையல் குவியலின் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்துவிடுகிறான்.

அந்தப் பொம்மையின் வேலைப்பாட்டில் நான் குறை காணவில்லை; நடிகர் ஜானி டெப்பின் உடல்மொழி அப்படியே வந்திருக்கிறது. ஆனால் அவன் வந்ததிலிருந்து படகில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே வேலையாக ஜாக்கைத் தேடுகிறார்கள். அதோ ஜாக் என்று ஒரு குரல் எழும்; எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும்; மறுபக்கம் டேவிஸ் ஆண்டுக்கணக்கில் யோசித்து வைத்த நையாண்டி யார் கண்ணிலும் படாமல் கடந்துபோகும். பெண்களைத் துரத்தும் காட்சியை 1997இல் திருத்தியதையும், மணப்பெண் ஏலக் காட்சியை 2018இல் மாற்றியதையும் நான் வரவேற்றவன். அவை காட்சிகளைத் திருத்தின. ஜாக்கின் வருகை பார்க்கும் முறையையே மாற்றிவிட்டது.

டிஸ்னிலாந்து திரைப்படங்களை வைத்துத்தானே தொடங்கியது என்ற எதிர்வாதம் வலுவானது. 1955இல் திறந்தபோதே ஸ்னோ ஒயிட், பீட்டர் பேன் சவாரிகள் அங்கே இருந்தன. ஆனால் ஸ்னோ ஒயிட் சவாரியில் அப்போது ஸ்னோ ஒயிட் கிடையாது. வண்டியில் அமர்ந்திருப்பவரே ஸ்னோ ஒயிட். சூனியக்காரி ஆப்பிளை நீட்டுவது நம்மிடம். இது பலருக்குப் புரியாமல் அவள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், 1983 புதுப்பிப்பில் அவளுடைய உருவத்தையும் வைத்தார்கள். ஆக, திரைப்படத்தை அடிப்படையாகக் கொண்ட சவாரியிலேயே நாயகியின் இடத்தைப் பயணிக்கு விட்டுக்கொடுக்கும் துணிச்சல் முதலில் இருந்தவர்களிடம் இருந்தது.

ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவை ஒருமுறை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு ஆங்கிலமும் பழக்கமில்லை, டிஸ்னி படம் ஒன்றும் பார்த்ததில்லை. சாவிக்கொத்து நாயைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஜாக் ஸ்பாரோ வந்தபோது, "இவன் யாருடா, எல்லாரும் இந்தக் கத்து கத்துறாங்க?" என்று கேட்டார், நான் விளக்கி முடிப்பதற்குள் படகு கரைக்கு வந்துவிட்டது.

யாரும் எதையும் முன்கூட்டித் தெரிந்துகொண்டு வரத் தேவையில்லாத சவாரிகளுள் முதலிடம் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' சவாரிக்குத்தான். 1964 கண்காட்சியில் யூனிசெஃப் அமைப்புக்கு ஆதரவாக, பெப்சி நிறுவனத்தின் பொருளுதவியுடன் உருவாகி, 1966இல் டிஸ்னிலாந்துக்கு வந்தது இது. அதன் நிறங்களும் வடிவங்களும் மேரி பிளேர் என்ற ஓவியரின் கைவண்ணம். பொம்மைகளுக்கு ஏறக்குறைய ஒரே முகம். உடையும் நிறமும் மட்டுமே வேறு. எந்தக் குழந்தைக்கும் பெயர் கிடையாது என்பதுதான் அந்தச் சவாரியின் உயிர். 2009 தொடக்கத்தில் அதே பொம்மைக் கூட்டத்துக்குள் அலாவுதீன், முலான், ஆலிஸ் முதலியோர் நுழைந்தார்கள். பிளேரின் பாணியிலேயே செய்திருக்கிறோம் என்றது நிறுவனம். அவருடைய குடும்பத்தார் எதிர்ப்புக் கடிதமே எழுதினார்கள். நான் குடும்பத்தார் பக்கம். பெயரில்லாத குழந்தைகளின் நடுவே பெயருள்ள ஒருத்தியை நிறுத்தினால், மற்றவர்கள் துணை நடிகர்களாகிவிடுகிறார்கள். 2022இல் அதே சவாரியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த இரண்டு பொம்மைகளைச் சேர்த்தார்கள். அவற்றுக்கும் பெயர் இல்லை. சவாரியின் எண்ணத்தை அவை விரிவாக்கின.

ஃபுளோரிடாவின் எப்காட் பூங்காவில் நடந்தது இன்னும் பெரிய இழப்பு. அங்குள்ள 11 நாட்டு அரங்குகளில் கடைசியாக 1988இல் சேர்ந்தது நார்வே. அதன் 'மேல்ஸ்ட்ராம்' படகுச் சவாரியில் வைக்கிங் கிராமம், பூதங்கள், பனிக்கரடிகள், வடகடலின் புயலில் நிற்கும் எண்ணெய்க் கிணறு மேடை ஆகியவை இருந்தன. அது அப்பழுக்கற்ற சவாரி என்று நான் சொல்ல மாட்டேன். இறுதியில் காட்டிய சுற்றுலாக் குறும்படத்தைப் பலர் நின்று பார்க்காமலே வெளியேறுவார்கள். 2013இல் 'ஃப்ரோசன்' படம் வந்தது. 2014 அக்டோபரில் மேல்ஸ்ட்ராம் மூடப்பட்டது. 2016 ஜூனில் அதே நீர்ப்பாதையில் எல்சாவும் அன்னாவும் குடியேறினார்கள். புதிய சவாரிக்கு நீண்ட வரிசை நிற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் படத்தில் அவர்கள் வாழும் அரெண்டெல் என்பது கற்பனை நாடு. உண்மையான நாடுகளை அறிமுகப்படுத்துவதற்காகக் கட்டிய இடத்தில், எண்ணெய் மேடையையும் மீனவர் கிராமத்தையும் எடுத்துவிட்டு, இல்லாத நாட்டின் அரண்மனையை வைத்ததை என்னால் புதுப்பிப்பு என்று ஏற்க முடியவில்லை.

இதற்கெல்லாம் காரணம் தெரியாததல்ல. ஒரு பெரிய சவாரியைக் கட்ட மிகப் பெரும் தொகை தேவைப்படுகிறது. ஏற்கெனவே பெயர்பெற்ற படத்தை வைத்துக் கட்டினால் விளம்பரம் பாதி முடிந்துவிடுகிறது, வாசலில் உள்ள கடையில் பொம்மையும் விற்கிறது. 2010இல் யுனிவர்சல் பூங்காவில் ஹாரி பாட்டர் உலகம் திறந்தபோது திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கணக்கை மறுக்க மாட்டார்கள்.

'ஸ்பிளாஷ் மவுண்டன்' விஷயத்தில் மட்டும் நான் நிறுவனத்தின் பக்கம் நிற்கிறேன். 1989இல் திறந்த அந்தச் சவாரிக்கு ஆதாரமான 1946ஆம் ஆண்டுப் படம், கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காக நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டது. அமெரிக்காவில் நிறுவனமே அதை வீட்டுக் காணொளியாக வெளியிட்டதில்லை. 2024இல் அதே மலையில் 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' படத்தின் நாயகி தியானா வந்தபோது, பாடல்களில் ஒரு வேகம் குறைந்ததே தவிர, நியாயமற்றது எதுவும் நடக்கவில்லை. ஏற்கெனவே படக் கதையாக இருந்ததன் இடத்தில் வேறொரு படக் கதை வந்தது, அவ்வளவுதான்.

திருத்தம் தவறிப்போனால் திரும்பி வரவும் முடியும் என்பதற்கு ஃபுளோரிடாவின் 'டிக்கி ரூம்' சாட்சி. பறவைகள் பாடும் அந்தக் காட்சியில் 1998இல் அலாவுதீன் படத்து இயாகோ கிளியைப் புதிய முதலாளியாகக் கொண்டுவந்து, பழைய பாட்டையே கேலி செய்ய வைத்தார்கள். 2011 ஜனவரியில் அங்கே சிறு தீ விபத்து ஏற்பட்டு இயாகோ பொம்மை சேதமடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய காட்சி, சற்றுச் சுருக்கமாக, மீண்டும் வந்தது. அந்தக் காட்சியின் கதைப்படியே இயாகோவைத் தண்டிப்பவை டிக்கி எனப்படும் சிலைத் தெய்வங்கள் என்பதால், ரசிகர்கள் அந்தத் தீயைப் பற்றிச் சிரிக்காமல் பேசுவதில்லை.

இவற்றைவிட நாகரிகமான வழி டிஸ்னிலாந்தின் 'ஹாண்டட் மேன்ஷன்' மாளிகையில் 2001 முதல் நடக்கிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தின் ஜாக் ஸ்கெல்லிங்டனும் அவனுடைய கூட்டமும் அந்தப் பேய் மாளிகைக்கு வந்து தங்கி, பண்டிகைக் காலம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். மற்ற மாதங்களில் 1969இன் ஆவிகள் தங்கள் வீட்டில் தாங்களே இருக்கின்றன. அந்தப் படத்தை விரும்புகிறவர்களுக்கும் மாளிகையை விரும்புகிறவர்களுக்கும் தனித்தனிக் காலம் கிடைக்கிறது.

இப்போது பேச்சு ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவைப் பற்றி. 1971இல் பூங்கா திறந்த காலம் முதல் நீராவிக் கப்பல் சுற்றிவந்த ஆற்றை, 'கார்ஸ்' படத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய பகுதிக்காக 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். அனஹைமில் 'ஸ்டார் வார்ஸ்' பகுதிக்கு இடம் தேவைப்பட்டபோது, 1955இன் ஆற்றைச் சற்றுக் குறுக்கி, வளைத்து, 2017இல் மீண்டும் ஓட விட்டார்கள். கப்பலும் ஓடுகிறது, புதிய பகுதியும் 2019இல் திறந்தது. நகரின் நடுவே நெருக்கடியில் இருக்கும் அந்தப் பூங்காவால் இது முடிந்தபோது, ஏறத்தாழ 25,000 ஏக்கர் நிலத்தைக் கையில் வைத்திருக்கும் ஃபுளோரிடாவில் அந்தக் கார்களுக்கு வேறு இடம் பார்த்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு, நிறுவனத்தின் அறிவிப்புகள் எதிலும் எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.