படத்தில் முதலில் பேர் வரட்டும்

போன ஞாயிறு இரவு, இலங்கை மலைநாட்டில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் போட்டார்கள். நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, யாரோ இரவல் கொடுத்த புரொஜெக்டரை இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், வைத்து ஓட்டினார்கள். எடுத்தவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேர். மூன்று பேர் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள், மற்றவர்கள் கெம்பஸில் படிக்கிறார்கள். இரண்டு மாதமாக வார இறுதியில் கைபேசியோடு அலைந்து, இந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடப் படம் எடுத்திருக்கிறார்கள். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் ஆயம்மா, டவுனில் குடை திருத்துகிறவர், தப்படிக்கிற அண்ணன், தேயிலைச் செடிகளைக் கத்தரித்து விடும் வேலை பார்த்து, வயதாகி நின்றுவிட்ட ஒரு கவ்வாத்துக்காரர்.

இவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. படத்தில் போடத்தான் சம்மதம் கொடுத்தார்கள், என் முகநூலில் எழுத இல்லை.

கவ்வாத்துக்காரரின் படத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பே அதன் முதல் வடிவத்தை அவர் வீட்டில் வைத்துப் போட்டுக் காட்டினார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் அதற்கு ஒரு சோக இசை போட்டிருந்தார்கள். மூடுபனி, மெதுவாக நகரும் கால்கள், ஒழுகும் தகரம், பின்னணியில் ஒரு குரல் “விடியாத வாழ்வு” என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனது. தாத்தா கடைசி வரை பேசாமல் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்: “தம்பி, நான் செத்துப் போயிட்டேனா?”

ஒருவரும் பதில் சொல்லவில்லை. எடிட் பண்ணிய பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தாவே அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “நான் கத்தி பிடிக்கிறத ஏன் புள்ள போடல? அதத்தானே ஒரு மணித்தியாலம் காட்டினேன்” என்றார்.

சரி, பிள்ளைகள் திரும்பவும் உட்கார்ந்தார்கள். இப்போது அந்தப் படத்தில் இசை இல்லை. கத்தி தீட்டும் சத்தத்தோடு தொடங்குகிறது. மலைநாட்டில் ஒரு தேயிலை மலையைக் கவ்வாத்துக்கு விடுவது நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை. வாதை, அதாவது கிளையை, ஒரே வெட்டில் சாய்வாக வெட்ட வேண்டும், மழைத் தண்ணீர் வெட்டுவாயில் நிற்காமல் வழிந்து போக வேண்டும், பட்டை கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த இடத்தில் மரம் அழுக ஆரம்பிக்கும். தாத்தா இதையெல்லாம் செய்து காட்டிக்கொண்டே பேசுகிறார். நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அப்படியிருந்தும் அந்தச் சாய்வுக்கு இப்படி ஒரு காரணம் இருப்பது எனக்கு இந்த வயதில்தான் தெரியும். படம் ஓடும்போது முன் வரிசையில் இருந்த அவருடைய பேரப்பிள்ளைகள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயம் இருக்கிறது. அதன் மயானத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கணவரோடு அடக்கமாகியிருக்கிறார். உலகம் கொண்டாடும் ஒளிப்படக் கலைஞர். 1875இல் இலங்கைக்கு வந்தவர், 1879இல் டிக்கோயாவில் காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினின் படத்துக்கும் கவிஞர் டென்னிசனின் படத்துக்கும் பேர் இருக்கிறது. களுத்துறையில் அவர் வீட்டுக்கு வந்த ஓவியர் மேரியன் நோர்த்தின் படத்துக்கும் பேர் இருக்கிறது. இங்குள்ள தோட்டத்து ஆட்களையும் கிராமத்து ஆட்களையும் அதே அக்கறையோடுதான் எடுத்திருக்கிறார், பார்க்கும்போது தெரிகிறது. ஆனால் நான் பார்த்த படங்களில் அவர்களுக்குப் பேர் இல்லை. ஒரு படத்தின் தலைப்பு ‘களுத்துறை விவசாயிகள்’ என்பதோடு நின்றுவிடுகிறது. அதன்பிறகு வந்த தபால் அட்டைகளிலும் தேயிலை விளம்பரங்களிலும் கூடையோடு சிரிக்கிற நம் பெண்களுக்கும் இதே கதிதான். அந்தப் பெண்களில் ஒருத்தி என் பாட்டியாகக்கூட இருக்கலாம். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை போதவில்லை என்றால் அரைப் பேர். சின்ன வயதில் அம்மா மலையிலிருந்து வந்து “இன்னைக்கு அரைப் பேர்தான்” என்று சொல்லும்போது, அம்மாவின் பேரில் பாதியை யாரோ வெட்டிக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றும். அதனால்தான் பிள்ளைகளிடம் முதல் நாளே சொன்னேன், படத்தில் முதலில் ஆளின் பேர் வரட்டும், பிறகு மற்றது.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. தாத்தாவின் அடையாள அட்டையைப் பார்த்துப் பேர் போட்டிருந்தார்கள். “அது ஆபீஸ்ல எழுதின பேரு, எங்கம்மா வச்சது வேற” என்றுவிட்டார். நம் வீடுகளில் இது புதிதில்லையே. பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதியை வாங்கப் போனால் இரண்டும் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். படத்தில் இப்போது அவருடைய அம்மா வைத்த பேர்தான் வருகிறது.

அன்றிரவு ஒரு தம்பி எழுந்து, கஷ்டத்தைக் காட்டாமல் இப்படி அழகாக எடுப்பது உண்மையை மறைப்பதாகாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு நாளைக்கு 1000 ரூபாய் சம்பளம் வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது அரசாங்க வர்த்தமானியில் வந்தது. அப்படிப்பட்ட சனத்தைப் பற்றிய படத்தில் சம்பளப் பேச்சு இல்லாமல் எப்படி? ஆனால் படத்தைப் பார்த்தால் தெரியும், தாத்தாவே அதைச் சொல்கிறார். கத்தி வாங்கிய காசையும் கை வெட்டுப்பட்டு வீட்டில் இருந்த நாட்களையும் கணக்குச் சொல்கிறார். அவர் வாயால் வரும்போது அதில் கோபம் இருக்கிறது. வயலின் போட்டால் அந்தக் கோபம் காணாமல் போய்விடுகிறது, பார்க்கிறவருக்குப் பரிதாபம் மட்டும்தான் மிஞ்சுகிறது. அந்தப் பரிதாபத்தை வைத்து எங்களுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

மற்ற தோட்டங்களில் இப்படி எடுக்க நினைக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன், தயவு செய்து தள்ளிப் போடாதீர்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கக் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னாருக்குப் போனவர்களை வழியனுப்பிய சனம் இன்னும் நம் லயங்களில் இருக்கிறது. 1970இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். அவர்களிடம் போங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், என்றைக்கு எடுத்தது என்று எழுதி வையுங்கள். படம் முழுவதையும் ஒரு கைபேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள், இரண்டு மூன்று இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். வெளியே போடுவதற்கு முன்னால் அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஆயம்மாவின் படம் இன்னும் வெளியே வரவில்லை. ஞாயிறு இரவும் அதைப் போடவில்லை. தன் மகளைப் பற்றிச் சொன்ன ஓர் இடத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். படத்திலேயே நல்ல இடம் அதுதான் என்று பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் வெட்டிவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை பிள்ளைக்காம்பரா மூடியதும் அவர் வீட்டுக்குப் போய் மறுபடியும் போட்டுக் காட்டுகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார், போவேன்.